மற்றும் குழுவினர்

வானொலியில் பாடகர் பெயரைச் சொல்லிவிட்டு, ‘மற்றும் குழுவினர்’ என்று முடிப்பார்கள். அந்தக் குழுவினர் யார் என்று நான் யோசித்ததே இல்லை. ஒலிக்கலவை கற்கத் தொடங்கிய பிறகுதான் யோசித்தேன்.

எட்டுப் பெண்கள் கோரஸ் பாடியிருந்தால், எட்டுத் தடங்களையும் ஒரே ‘பஸ்’ஸில் சேர்ப்போம். பல ஒலிகளைக் கூட்டிக் கொண்டுபோகும் பாதை அது. எட்டுக் குரல்களையும் ஒரே ஃபேடரால் ஏற்றலாம், இறக்கலாம். எதிரொலிக்கு இன்னொரு பஸ். ஒவ்வொரு தடத்திலிருந்தும் கொஞ்சம் ஒலியை அதற்கு அனுப்பினால், எல்லோரும் ஒரே கூடத்தில் நின்று பாடுவதுபோல் கேட்கும்.

கணினி வருவதற்கு முன்பு அந்தக் கூடம் நிஜமான அறையாகவே இருந்தது. ஹாலிவுட்டின் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் சிமெண்ட் பூசிய அறைகள் இருந்தன. ஒலியை உள்ளே அனுப்பி, ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, மைக்கில் பிடித்து மறுபடி கலவையில் சேர்த்தார்கள். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் புகழ்பெற்ற ‘ஒலிச் சுவர்’ இப்படித்தான் எழுந்தது.

1962இல் அங்கே ‘ஹீ இஸ் எ ரெபல்’ பதிவானது. முதன்மைக் குரல் டார்லீன் லவ். உடன் பாடியது அவருடைய ப்ளாசம்ஸ் குழு. இசைத்தட்டில் அச்சான பெயரோ ‘தி கிறிஸ்டல்ஸ்’. நியூயார்க்கைச் சேர்ந்த அந்தப் பெண்கள் பதிவின்போது அங்கே இல்லவே இல்லை. பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பாடியவருக்குப் பெயர் இல்லை. பெயர் பெற்றவர்கள் தாங்கள் பாடாத பாட்டை மேடைமேடையாகப் பாட வேண்டியிருந்தது. இரு தரப்பும் கறுப்பினப் பெண்கள். ஒருவருக்குப் பதில் இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர் கணக்குப் போட்டார்.

இதற்கு நான் பஸ்ஸைக் குறை சொல்லமாட்டேன். இன்றும் அந்தப் பாட்டைக் கேட்டால், டார்லீனின் குரல் எதிலும் கரையாமல் எல்லா வாத்தியங்களுக்கும் முன்னால் நிற்கிறது. கலவை மேசையில் காணாமல் போகாத பெண், இசைத்தட்டின் ஒட்டுத்தாளில் காணாமல் போனார். 1990களில் ராயல்டிக்காக வழக்காடி வென்றார். 2011இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது. இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு போயிருந்தது.

என் கோப்புகளில் ‘குரல் 1, குரல் 2’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். கோரஸ் பஸ்ஸுக்குள் போகும் ஒவ்வொரு தடத்துக்கும் பாடியவரின் பெயரையே வைக்கிறேன். கலவையை ஒப்படைக்கும்போது அந்தப் பெயர்ப் பட்டியலும் கூடவே போகிறது.