கடாரம் யாருடைய நினைவு?



“டீச்சர், ராஜேந்திர சோழன் மலேசியாவை ஆண்டாரா?” 2022 செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் திரைக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி உங்கள் வகுப்பிலும் எழுந்திருக்கும். அந்தப் படம் இராஜராஜனின் இளமைக் காலத்தைப் பற்றியது. இராஜேந்திரன் அதில் பேசுபொருளே இல்லை. ஆனாலும் மாணவர்கள் ஒரே தாவலில் கெடாவுக்கு வந்துவிடுகிறார்கள். புலனத்தில் சுற்றும் காணொலிகள் மீதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன.

“ஆமாம், ஆண்டார்” என்று சொன்னால் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. “இல்லை” என்று சொன்னால் வகுப்பே சோர்ந்துபோகும். இரண்டுமே அவசரப் பதில்கள்தான். அதைவிட, கடாரம் என்ற ஒரு சொல் ஆயிரம் ஆண்டுகளில் எத்தனை கைகள் மாறி நம்மிடம் வந்திருக்கிறது என்று காட்டினால் பிள்ளைகள் வாய் திறந்து கேட்பார்கள். அதற்கு உதவும் செய்திகளைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில் கல்லில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலில் 1030 வாக்கில் பொறிக்கப்பட்ட இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடல் கடந்து சென்ற படை தாக்கிய 13 இடங்களைப் பட்டியலிடுகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று போய்க் கடைசியில் கடாரத்தில் முடிகிறது. கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், யானைகளும் பெருஞ்செல்வமும் அழகிய வாயில் தோரணங்களும் கைப்பற்றப்பட்டதையும் அது சொல்கிறது. படையெடுப்பு நடந்தது 1025இல் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

கல்லில் இல்லாததையும் கவனியுங்கள். கடாரத்தில் ஆளுநரை அமர்த்தியதாகவோ, வரி வாங்கியதாகவோ, நிலம் அளந்ததாகவோ ஒரு வரி கிடையாது. தமிழ்நாட்டில் ஒரு குளத்து மடையைக்கூட விடாமல் எழுதி வைத்தவர்கள் சோழர்கள். அவர்கள் இங்கே நிர்வாகம் நடத்தியிருந்தால் இப்படி மௌனமாக இருந்திருப்பார்களா? நீலகண்ட சாஸ்திரியும் அவருக்குப் பின்வந்த பெரும்பாலான ஆய்வாளர்களும் இதை நாடு பிடித்து ஆண்ட செயலாகக் கொள்ளவில்லை. கடல் வணிகப் பாதையை ஒட்டிய துறைமுகங்கள் மீது நடந்த தாக்குதலாகவே கொள்கிறார்கள்.

அதற்கு முந்தைய கதை இன்னும் சுவையானது. கடாரத்தரசர் குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டியது. இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் ‘லைடன் செப்பேடுகள்’ என்று பெயர் பெற்றன. அதாவது, கொடை கொடுத்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத நிலையில் மகன் படை அனுப்புகிறான். பிறகு 1090இல் முதற் குலோத்துங்கன் அதே விகாரத்துக்கு வரிச்சலுகை தருகிறான். நட்பு, சண்டை, மறுபடியும் நட்பு. சீன அரசவைப் பதிவுகள் எப்படி எழுதியிருக்கின்றன தெரியுமா? 1106இல் பகானிலிருந்து வந்த தூதருக்கு என்ன மரியாதை தருவது என்று பேச்சு வந்தபோது, சோழ நாடு ஸ்ரீவிஜயத்துக்குக் கீழ்ப்பட்ட நாடு என்று அங்கே குறிப்பு எழுதினார்கள்! ஒரே கடல், இரண்டு கரைகளிலும் வேறு வேறு கணக்கு. இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், யாரும் தூங்க மாட்டார்கள்.

சரி, கடாரம்தான் கெடா என்று நமக்கு எப்போது தெரிந்தது? இங்கேதான் பல ஆசிரியர்களே வியப்படைவார்கள். பட்டினப்பாலையில் ‘காழகம்’ என்று ஓர் ஊர் வருகிறது. அது கடாரம் என்று சொல்வது பாட்டு அல்ல. பல நூற்றாண்டுகளுக்குப் பின் உரை எழுதிய நச்சினார்க்கினியர். ஆங்கிலேயர் காலத்தில் சோழர் கல்வெட்டுகளைப் படித்து அச்சிட்ட ஹூல்ஷ், முதலில் கடாரத்தை மதுரைச் சீமையிலுள்ள ஓர் ஊராகவே எண்ணினார். பிறகு சிலர் அதைப் பர்மா பக்கம் கொண்டுபோனார்கள். 1918இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேடெஸ், சீன நூல்களையும் கல்வெட்டுகளையும் ஒப்பிட்டு ஸ்ரீவிஜயம் என்ற பேரரசையே வெளிக்கொண்டு வந்த பிறகுதான் கடாரம் கெடாவில் உறுதியாக நின்றது. ஆக, நாம் காலங்காலமாக அறிந்ததாக நினைக்கும் செய்திக்கு வயது சுமார் நூறு. 1886இல் ஹூல்ஷ் கல்வெட்டுகளைப் படிக்கும் வரை தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் இராஜராஜன் என்பதே தெளிவாகத் தெரியாமல் இருந்தது, கரிகாலன் என்றும் வேறு சோழன் என்றும் கதைகள் உலவின என்றால், மக்கள் நினைவு எவ்வளவு மறதியுடையது என்று பாருங்கள்.

இந்த ஆராய்ச்சிகளை 1935இல் நீலகண்ட சாஸ்திரி ஆங்கிலத்தில் சோழர் வரலாறாகத் தொகுத்தார். சதாசிவப் பண்டாரத்தார் தமிழில் எழுதினார். இந்த நூல்களின் மேல்தான் கல்கி தம் மாளிகையைக் கட்டினார். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடராகத் தொடங்கியது. நாடு விடுதலை பெற்று மூன்றே ஆண்டு. சொந்த மன்னர்களைப் பற்றிக் கேட்க மக்கள் காத்திருந்த காலம். கையில் வந்த அரியணையை வேண்டாம் என்று சிற்றப்பனுக்குக் கொடுக்கும் இளவரசனை அவர்கள் விரும்பாமல் இருப்பார்களா? பிறகு அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ இராஜேந்திரனையே நாயகனாக்கிச் சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் வந்தார்கள். நம் தாத்தா பாட்டிகள் பலருக்கு ஸ்ரீவிஜயம் என்ற பெயர் பாடநூலிலிருந்து வரவில்லை, வார இதழிலிருந்துதான் வந்தது.

இந்த நாவல்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கதை எழுதுகிறவன் கற்பனை செய்யத்தான் வேண்டும். நந்தினியும் பூங்குழலியும் கற்பனை என்று சொன்னால் சில மாணவிகளுக்கு அழுகையே வந்துவிடும், பரவாயில்லை, சொல்லுங்கள். ஆனால் கற்பனைக்கும் சான்றுக்கும் நடுவே இருக்கும் தையலைக் காட்டுவதுதான் வரலாற்றுப் பாடம். நல்ல எடுத்துக்காட்டு இரவிதாசன். உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலன் கொலைக்காகத் துரோகிகள் என்று குறிக்கப்பட்டு நிலம் பறிக்கப்பட்டவர்களில் அவன் பெயர் உண்மையாகவே இருக்கிறது. கல்வெட்டு அவனை ‘பிரமாதிராஜன்’ என்ற உயர் பட்டம் பெற்ற அதிகாரியாகக் காட்டுகிறது. நாவலில் அவன் நள்ளிரவில் ஆந்தை போலக் குரல் கொடுக்கும் பாண்டிய நாட்டுச் சதிகாரன். பெயர் ஒன்று, ஆள் வேறு. படத்தில் அவனுக்கு இன்னொரு முகம். ஒரு நாற்பது நிமிட வகுப்புக்கு இதுவே போதும்.

காலம் போகப் போகத் தையலும் தெரியாமல் போகிறது. 2019இல் ‘கடாரம் கொண்டான்’ என்று ஒரு படம் வந்தது. கோலாலம்பூரில் நடக்கும் துப்பாக்கிச் சண்டைக் கதை. சோழனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மலேசியா என்றால் கடாரம், கடாரம் என்றால் வெற்றி, அவ்வளவுதான் கணக்கு. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடி இந்திய அரசு நினைவு நாணயமும் வெளியிட்டது. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய இராஜேந்திரனைச் செய்துகொள்கிறது. கல்கியின் காலத்துக்குத் தியாகி வேண்டியிருந்தது. இன்றைக்குக் கடற்படைத் தளபதி வேண்டியிருக்கிறது.

இதை நாம் மட்டும்தான் செய்தோமா? மலாய் அரண்மனையும் செய்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட செஜாரா மெலாயுவில் ராஜா சூலான் (சில படிகளில் சூரான்) என்ற கலிங்க நாட்டு அரசன் வருகிறான். கங்கா நெகாராவை வீழ்த்திவிட்டுச் சீனாவை வெல்ல நினைத்துத் தெமாசிக் வரை படையோடு வந்துவிட்டான். சீன அரசன் என்ன செய்தான்? துருப்பிடித்த ஊசிகளையும் காய்க்கும் மரங்களையும் பல் போன கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினான். “சீனா எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், “புறப்பட்டபோது நாங்கள் சிறுவர்கள், இந்த மரங்கள் விதை, இந்த ஊசிகள் கை கனத்த இரும்புக் கம்பிகள்” என்கிறார்கள் கிழவர்கள். போதுமடா சாமி என்று படையெடுப்பைக் கைவிட்டான். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்கடியில் இறங்கி, அங்கிருந்த அரசகுமாரியை மணந்தான். அந்த வழியில் பிறந்தவர்கள்தான் பலெம்பாங்கின் புக்கிட் செகுந்தாங்கில் தோன்றினார்கள். அவர்களில் ஒருவரே சிங்கப்பூருக்குப் பெயரிட்ட சாங் நீல உத்தமா.

சூலான் என்ற பெயரில் சோழர் நினைவு இருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் இது எவ்வளவு அழகான மாற்றம்! ஊரைத் தாக்கிய அரசனை ஆறு நூற்றாண்டு கழித்து அந்த ஊரே முப்பாட்டனாக ஏற்றுக்கொண்டு, சீனாவிடம் ஏமாந்தவனாகவும் சிரித்து வைத்திருக்கிறது. நம் நாவல்களில் வருவது வென்றவனின் நினைவு. இது வெல்லப்பட்ட கரையின் நினைவு. ஒரே வகுப்பில் இரண்டையும் அருகருகே வைத்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு செய்தி. கோலாலம்பூரில் ஜாலான் ராஜா சூலான் இருக்கிறது; மோனோரயில் நிலையமும் அதே பெயரில் உண்டு. அது சோழ மன்னனுக்கு வைத்த பெயர் என்று மேடையிலும் புலனத்திலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அப்படி இல்லை. முன்பு வெல்ட் ரோடு என்றிருந்த சாலைக்கு, சீஷெல்சுக்கு நாடுகடத்தப்பட்ட பேராக் சுல்தான் அப்துல்லாவின் மகன் ராஜா சூலானின் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் கதை அங்கேயும் முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ‘மிசா மெலாயு’ எழுதிய பேராக் அரச குடும்பத்தவர் பெயரும் ராஜா சூலான்தான். ஆகச் சாலைக்குள் ஓர் இளவரசர், அவருக்குப் பின்னால் ஒரு மலாய் மரபு, அதற்கும் பின்னால் மங்கலாக ஒரு சோழர். “எங்க ராஜா பேரு” என்று சொல்வதைவிட இது எவ்வளவோ வளமான பதில்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று கேட்கலாம். “நாங்க இந்த நாட்டை ஆண்டவங்க” என்று நம் பிள்ளை பல இனத்தார் கலந்த வகுப்பில் சொல்லும்போது, அது தன் இடத்தை உறுதிப்படுத்துவதாக நினைக்கிறது. உண்மையில் அந்தப் பேச்சு பிள்ளையைப் படையெடுத்து வந்தவனின் பக்கம் நிறுத்திவிடுகிறது. நம் பெரும்பாலோரின் முன்னோர் இராஜேந்திரனின் கப்பலில் வரவில்லை. கங்காணியோடு வந்தார்கள், பிறகு ராஜுலா போன்ற கப்பல்களில் வந்தார்கள். காடு வெட்டினார்கள், பால்மரம் சீவினார்கள், ரயில் பாதை போட்டார்கள். இந்த மண்ணில் நம் உரிமை அந்த உழைப்பில் இருக்கிறது. பதின்மூன்று சோழப் போர்க்களங்களை ஒப்பிக்கும் பிள்ளைக்குத் தன் பாட்டியின் அம்மா எந்தத் தோட்டத்தில் பால் சீவினார் என்று தெரியவில்லை என்றால், அது எனக்குக் கவலையாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்லுங்கள்: தொழிலாளர் கப்பல்கள் பினாங்குக்குப் புறப்பட்ட துறைமுகங்களில் ஒன்று, கடாரத்தரசர் விகாரம் கட்டிய அதே நாகப்பட்டினம்.

சோழர் காலத் தொடர்பே வேண்டாம் என்பதல்ல. வாளை மட்டும் காட்டாமல் தராசையும் காட்டுங்கள். சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினுடையது. கப்பலில் வருகிறவர்கள் செலுத்த வேண்டிய கட்டணம் பற்றி அது பேசுகிறது. படை வந்து போனது, வணிகர்கள் தங்கினார்கள்.

வாய்ப்பு இருந்தால் மாணவர்களை லெம்பா பூஜாங்குக்கு அழைத்துச் செல்லுங்கள். மெர்போக்கில் குனோங் ஜெராய் அடிவாரத்திலுள்ள சண்டி புக்கிட் பத்து பகாட்டைப் பார்த்ததும் “சோழர் கோயில்” என்பார்கள். இங்குள்ள இந்து, பௌத்தச் சின்னங்கள் ஒரே நாளில் ஒரே அரசன் கட்டியவை அல்ல. உள்ளூர் அரசர்களின் துறைமுக வாழ்க்கையில் பல நூற்றாண்டுகளாக எழுந்தவை. நாம் பார்க்கும் கட்டுமானமும் 1960 வாக்கில் தொல்லியலாளர்கள் மறுபடி அடுக்கி நிறுத்தியது. அருங்காட்சியக வளாகத்திலுள்ள வேறு சில சண்டிகள் வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. எது பழைய கல், எது புதிய அடுக்கு என்று மாணவர்களே தேடி வரையட்டும்.

2013இல் சுங்கை பத்து வட்டாரத்தில் ‘சண்டி 11’ வீடமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்ட செய்தியையும் மறைக்காதீர்கள். நாகப்பட்டினத்தில் விகாரத்தின் எச்சமாக நின்ற கோபுரமும் 1867இல் அப்படித்தான் இடிபட்டது. இரண்டு கரையிலும் தலா ஒன்று. இவற்றின் படங்களை மாணவர்களிடம் கொடுத்து, அவை இன்றும் நின்றிருந்தால் நாம் எதைப் புதிதாகத் தெரிந்துகொண்டிருப்போம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இரண்டு பாடவேளை தேவைப்படும்.