வெல்லாதவர் இருவர்: ராமநாதன் கிருஷ்ணனும் விஜய் அமிர்தராஜும்

கப்பன் பூங்காவுக்குள் இருக்கும் கர்நாடக மாநில டென்னிஸ் சங்கத்தின் அரங்கில் அண்மையில் ஒரு மாலை அமர்ந்திருந்தேன். உடன் வந்த ஆய்வு நண்பர், களத்தில் நடந்ததைவிட என்னோடு வாதிடுவதிலேயே ஆர்வமாக இருந்தார். பேச்சு ரோகன் போபண்ணாவிடம் தொடங்கியது. குடகிலிருந்து வந்து பெங்களூரைத் தன் ஊராக்கிக்கொண்டவர். 2024 ஜனவரியில், தம் 43ஆம் வயதில், மேத்யூ எப்டனுடன் இணைந்து ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்றவர். “உங்கள் மதராஸ்காரர்கள் இருவரும் ஒன்றுகூட வெல்லவில்லையே?” என்றார் நண்பர். ராமநாதன் கிருஷ்ணனையும் விஜய் அமிர்தராஜையும் சொன்னார். இரட்டையர் வேறு, ஒற்றையர் வேறு என்று சொல்லி அப்போது தப்பித்துக்கொண்டேன். கேள்வி மட்டும் என்னோடு விடுதி வரை வந்தது. அதற்கான விடையாகவே இந்த நீண்ட பதிவு.

மொழியியல் படித்தவனின் பழக்கதோஷம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘வென்ற’, ‘வெல்கின்ற’, ‘வெல்லும்’ என்று உடன்பாட்டுப் பெயரெச்சம் மூன்று காலத்தையும் பிரித்துக் காட்டும். எதிர்மறைக்கு வந்தால் ‘வெல்லாத’ என்ற ஒரே வடிவம்தான். அது காலம் காட்டாது. ‘கிராண்ட்ஸ்லாம் வெல்லாதவர்’ என்று ஒருவரைக் குறிக்கும்போது எப்போது, எந்த விதிகளின் கீழ், யார் இருந்த களத்தில், யார் இல்லாத களத்தில் வெல்லவில்லை என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் கரைந்துபோகின்றன. இலக்கணத்தில் இது குறையன்று. வரலாற்றை எழுதும்போது மட்டும் அந்தக் காலத்தை நாம் மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது.

1961ஆம் ஆண்டு விம்பிள்டனை எடுத்துக்கொள்வோம். காலிறுதியில் கிருஷ்ணன் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று நேர் செட்களில் வென்றார். எமர்சன் யார்? அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பட்டத்தையும், பின்னர் செப்டம்பரில் அமெரிக்கப் பட்டத்தையும் வென்றவர். இரண்டு இறுதிகளிலும் அவரிடம் தோற்றவர் ராட் லேவர். அதாவது, அவ்வாண்டின் நான்கு பெரும் பட்டங்களுள் இரண்டைக் கைக்கொண்ட ஒருவரை நாகர்கோவிலில் பிறந்த ஓர் இளைஞர் ஒரு செட்கூட இழக்காமல் வெளியேற்றினார். அரையிறுதியில் அதே லேவரிடம் 6-2, 8-6, 6-2 என்று கிருஷ்ணன் தோற்றார். லேவர் பட்டம் வென்றார். முந்தைய ஆண்டும் இதே கதைதான்: காலிறுதியில் சிலி நாட்டு லூயிஸ் அயாலாவை வென்று, அரையிறுதியில் நீல் ஃப்ரேசரிடம் தோல்வி, அந்த ஃப்ரேசரே சாம்பியன். 1962இல் விம்பிள்டன் அவருக்கு நான்காம் தரநிலை வழங்கியது. கணுக்கால் காயத்தால் ஆட்டத்தின் நடுவே விலக நேர்ந்தது.

கணினித் தரவரிசை 1973இல்தான் வந்தது. அதற்கு முன் பத்திரிகையாளர்கள் ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியல்களே தரவரிசை. அவற்றில் கிருஷ்ணன் உலகின் முதல் பத்து இடங்களுக்குள் வைத்து எண்ணப்பட்டார். வலிமையற்ற சர்வீஸை வைத்துக்கொண்டு, நான்கில் மூன்று பெரும் பட்டங்கள் புல்தரையில் நடந்த காலத்தில், இந்த இடத்தை அடைந்தார் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. புல்தரையில் பந்து தாழ்ந்து வழுக்கி வரும். சர்வீஸ் அடித்துவிட்டு வலைக்கு ஓடுபவருக்கே அது சாதகம். கிருஷ்ணனிடம் இருந்தது இடமறிந்து பந்தை வைக்கும் கை. எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கித் திருப்பித் தரும் ஆட்டம்.

இனி மறுபக்கம். 1968 வரை விம்பிள்டனில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. பாஞ்சோ கொன்சாலஸ், லூ ஹோட், கென் ரோஸ்வால் ஆகியோர் பணம் பெற்று ஆடியதால் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். எனவே 1961இன் அரையிறுதியை ‘உலகின் சிறந்த நால்வர்’ என்று வாசிக்க முடியாது. இதற்கு லேவரின் வாழ்க்கையே சான்று. 1962இல் நான்கு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்று, 1963 தொடக்கத்தில் தொழில்முறைக்கு மாறியபோது, ரோஸ்வாலிடமும் ஹோட்டிடமும் அவர் அடுத்தடுத்துத் தோற்றார். லேவருக்கே அந்த நிலை என்றால், அமெச்சூர் களத்தின் வெற்றிகளை எந்த எடைக்கல்லால் நிறுப்பது?

கிருஷ்ணனுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. தொழில்முறைக் குழுவை நடத்திய ஜாக் கிராமர் 1959 வாக்கில் மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்றை முன்வைத்தார்; தொகை ஒன்றரை லட்சம் டாலர் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. அன்றைய இந்தியாவில் அது கற்பனைக்கும் எட்டாத பணம். ஏற்றிருந்தால் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆட முடியாது, விம்பிள்டனும் இல்லை. அவர் மறுத்தார். மற்றவர்கள் ஏற்றதால் விம்பிள்டன் பட்டியலில் இடம் காலியானது. இவர் மறுத்ததால் அந்தக் காலியான பட்டியலில் ஆடினார். ஆனாலும், அங்கே எஞ்சியிருந்த லேவரும் ஃப்ரேசரும் போதுமான மதிலாக இருந்தார்கள்.

விஜய் அமிர்தராஜின் கதை வேறு விதிகளின் கீழ் நடந்தது. 1953 டிசம்பரில் சென்னையில் பிறந்த அவருக்கு 1973இல் வயது 19. டென்னிஸ் எல்லோருக்கும் திறந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் போட்டியின் இறுதியில் ஜிம்மி கானர்ஸை வென்றார். விம்பிள்டன் காலிறுதியை எட்டினார். ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடந்த அமெரிக்க ஓப்பனில் லேவரையே ஐந்து செட்களில் வீழ்த்திக் காலிறுதிக்கு முன்னேறினார். லேவருக்கு அப்போது 35 வயது என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு அதே போட்டியில், பிரெஞ்சு ஓப்பனைப் புதிதாக வென்று வந்திருந்த 18 வயது பியோன் போர்க்கை இரண்டாம் சுற்றில் வென்றார். இரண்டு ஆண்டும் காலிறுதியில் அவரை நிறுத்தியவர் ரோஸ்வால். கிருஷ்ணன் காலத்து விம்பிள்டனிலிருந்து விலக்கப்பட்டிருந்த அதே ரோஸ்வால், தம் நாற்பதை நெருங்கும் வயதில், விஜயின் வழியில் வந்து நின்றார். வரலாறு சில நேரம் இப்படி விளையாடிப் பார்க்கிறது.

என் கவனத்தை ஈர்ப்பது 1973இன் விம்பிள்டன். யுகோஸ்லாவிய ஆட்டக்காரர் நிக்கி பிலிச்சைத் தடை செய்ததை எதிர்த்து ஏறத்தாழ 80 ஆட்டக்காரர்கள் அந்தப் போட்டியைப் புறக்கணித்தார்கள். நடப்புச் சாம்பியன் ஸ்டான் ஸ்மித் வரவில்லை. நியூகோம்ப், ரோஸ்வால், ஆஷ் ஆகியோரும் இல்லை. காலிறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் யான் கோடெஷ் விஜயை 6-4, 3-6, 4-6, 6-3, 7-5 என்று வென்றார். ஐந்தாம் செட்டில் இரண்டு கேம் வித்தியாசம். அந்தக் கோடெஷே பட்டத்தையும் எடுத்துச் சென்றார். ஆக, இருவருக்கும் கதவு மிக அகலமாகத் திறந்திருந்த தருணங்கள் மற்றவர்கள் இல்லாமையால் திறந்தவை. கிருஷ்ணனுக்கு அமெச்சூர் விதி. விஜய்க்கு ஒரு வேலைநிறுத்தம். கிராண்ட்ஸ்லாம் என்பது மாறாத அளவுகோல் என்று நாம் வைத்துக்கொண்டிருக்கும் நம்பிக்கை இங்கே ஆட்டங்காண்கிறது. அளவுகோலே ஆண்டுக்கு ஆண்டு நீண்டும் குறுகியும் இருந்திருக்கிறது.

தரையும் மாறியது. அமெரிக்க ஓப்பன் 1974 வரை புல்தரையில் நடந்தது. 1975இல் களிமண் தரைக்கும், 1978இல் கடினத்தரைக்கும் மாறியது. உயரம், சர்வீஸ், வாலி ஆகியவற்றை நம்பி ஆடிய விஜய், அங்கே காலிறுதியை எட்டிய இரண்டு ஆண்டுகளும் புல்லின் கடைசி இரண்டு ஆண்டுகள். இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. புல் இல்லாத கிருஷ்ணன் எப்படி ஆடியிருப்பார் என்று கேட்கிறோம். புல் பறிக்கப்பட்ட விஜய் என்ன ஆனார் என்று கேட்பதில்லை.

இதற்குள் ‘வெறி இல்லை’ என்ற பழைய குற்றச்சாட்டு நினைவுக்கு வந்திருக்கும். ‘நல்ல கை, நல்ல மனிதர், ஆனால் எதிராளியை முடித்துவிடும் மூர்க்கம் இல்லை’ என்ற வாக்கியத்தை இருவரைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். பின்னர் கிருஷ்ணனின் மகன் ரமேஷைப் பற்றியும் கேட்டோம். மூன்று வேறுபட்ட ஆட்டக்காரர்களுக்கு ஒரே நோய்க்குறிப்பு எழுதப்படும்போது, நோயைவிட மருத்துவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்தியரின் ஆட்டம் என்றால் மென்மை, மாயம், கலை என்று மேலைப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் புகழ்ச்சிக்குள்ளேயே ‘வெல்லும் ஆட்டமன்று’ என்ற தீர்ப்பும் பதுங்கியிருந்தது. நாம் புகழ்ச்சியை வாங்கிக்கொண்டபோது தீர்ப்பையும் சேர்த்தே வாங்கிக்கொண்டோம்.

சான்றுகள் அந்தத் தீர்ப்புக்கு அவ்வளவாக ஒத்துழைக்கவில்லை. 1966 டிசம்பர், கல்கத்தா, பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பை அரையிறுதி. 2-2 என்ற நிலையில் கடைசி ஆட்டம். தாமஸ் காக்கிடம் கிருஷ்ணன் இரண்டு செட்களை இழந்து, நான்காம் செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்தார். அங்கிருந்து அந்தச் செட்டை 7-5 என்றும் அடுத்ததை 6-2 என்றும் வென்றார். 1974 மே, அதே கல்கத்தா, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டம். ஐந்து ஆட்டங்களில் 327 கேம்கள் ஆடப்பட்டன. விஜயும் அண்ணன் ஆனந்தும் இணைந்த இரட்டையர் ஆட்டம் ஐந்து செட்களுக்கு நீண்டது. இந்தியா 3-2 என்று வென்றது. மூர்க்கம் இல்லாதவர்கள் செய்யும் வேலையா இது?

ஆயினும் விஜய் விஷயத்தில் ஒரு கணக்கை மறைக்க முடியாது. 1979 விம்பிள்டன் இரண்டாம் சுற்றில் போர்க்குக்கு எதிராக இரண்டுக்கு ஒன்று என்று செட் முன்னிலை. நான்காம் செட் டை-பிரேக்கில் போனது, ஐந்தாவது 6-2. 1981 காலிறுதியில் கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்களும் விஜயிடம். அடுத்த மூன்றும் கானர்ஸிடம். கோடெஷையும் சேர்த்தால், விம்பிள்டனில் பெரும்பெயர்களிடம் மூன்று ஐந்து-செட் தோல்விகள், மூன்றிலும் ஒரு கட்டத்தில் முன்னிலை. சிறுவயதில் மூச்சுக்கோளாறால் மிகவும் அவதிப்பட்ட உடல் அவருடையது. ஐந்தாவது செட்டில் நடந்ததை மனத்தின் கணக்கில் எழுதுவதைவிட உடலின் கணக்கில் எழுதுவதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இன்னொன்று. கிருஷ்ணனின் தலைமுறைக்குப் பெரும்பட்டம் என்றால் டேவிஸ் கோப்பையும்தான்; அதற்காகத்தான் ஒன்றரை லட்சம் டாலரைத் தள்ளினார். 1966இல் மெல்பர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றாலும், அவரும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம்ப்-ரோச் இணையை வென்றார்கள். 1974இல் விஜயின் அணியும் இறுதியை அடைந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடப்படாமலே கைமாறியது. இருபது வயதுக்காரருக்கு அது எத்தகைய இழப்பு என்பதை எந்தப் புள்ளிவிவரப் பக்கமும் பதிவு செய்வதில்லை. முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். சரியான முடிவுக்கான விலையை யாரோ ஒருவர் தம் விளையாட்டு வாழ்விலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே கருதுகிறேன்.

நண்பர் விடமாட்டார்: “சரி, யார் பெரியவர்?” ஒரு குறிப்பிட்ட நாளில் பட்டத்துக்கு அருகில் சென்றவர் விஜய், கோடெஷுடனான அந்த ஐந்தாம் செட்டைப் போன்ற ஒரு தருணம் கிருஷ்ணனின் இரு அரையிறுதிகளிலும் இல்லை. ஆனால் தம் காலத்து ஆட்டத்தில் நிலைத்து உயர்ந்து நின்றவர் கிருஷ்ணன். விஜயின் மிக உயர்ந்த ஒற்றையர் தரவரிசை 1980இல் எட்டிய 18. களத்தில் எல்லோரும் இருந்த காலத்து 18 அது என்பதால் அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். இருந்தும் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், எமர்சனை மூன்று செட்களில் வென்ற அந்தப் பிற்பகலுக்காகக் கிருஷ்ணனைச் சொல்வேன். அமெச்சூர் களம் என்ற ஆட்சேபம் அங்கே எடுபடாது: தொழில்முறைக்கு மாறாத எமர்சன் இல்லாத குறையால் வந்த வெற்றியன்று அது, அவர் இருந்தும் வந்த வெற்றி.

1968இல் விம்பிள்டன் எல்லோருக்கும் திறந்தது. ரோஸ்வால், கொன்சாலஸ், ஹோட் எல்லோரும் திரும்பி வந்தார்கள். 29 வயது லேவர் மீண்டும் பட்டம் வென்றார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 31. சென்னையில் விஜய் அமிர்தராஜுக்கு 14.