மூளைக்குள் ஒரு ஜில்லாப் படம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் வழியில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிவிடும் வெள்ளைப் புழுதிக்கு நடுவே பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் என் பெரியம்மா மகளின் ஊர் வந்துவிடும். அந்த ஊரைப் பற்றி அத்தான் ஒரு வேடிக்கை சொல்லுவார். ஊர் இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. ஜில்லா மட்டும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. 1995 வரையில் திருச்சி ஜில்லா. அந்த வருஷம் பெரம்பலூர் ஜில்லா ஆயிற்று. 2001இல் அரியலூர் தனி ஜில்லா ஆனது. 2002இல் அதைக் கலைத்து மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007இல் மீண்டும் அரியலூர். "மனு எழுத உட்கார்ந்தால், இன்றைக்கு நாம் எந்த ஜில்லா என்று நாலு பேரைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவைத் திறக்க வேண்டும்" என்பார்.

மனிதனுடைய மூளைக்குள்ளும் இப்படி ஒரு ஜில்லாப் படம் இருக்கிறது, அதன் எல்லைகளும் இப்படித்தான் மாறுகின்றன என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாமல் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருஷங்களுக்கு முன்பு அக்காவைப் பக்கவாதம் தாக்கிற்று. வலப் பக்கம் விழுந்துவிட்டது. நாலைந்து மாதத்தில் கால் ஒருவாறு தேறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கைதான் தேறவில்லை. மணிக்கட்டைச் சற்றே தூக்க முடியும், விரல்கள் லேசாக அசையும், அவ்வளவுதான். நான் பார்க்கப் போயிருந்தபோது, "தம்பி, நீ நாலு புஸ்தகம் படிக்கிறவனாச்சே. இந்தக் கை வருமா, வராதா? உண்மையைச் சொல்லு" என்று கேட்டாள்.

நானும் பெரிய மேதாவியைப் போல் ஒரு பிரசங்கம் செய்தேன். மூளையின் மேல்பரப்பில் கைக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம், உதட்டுக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருக்கிறது. கைக்கு உரிய இடம் ரத்தமில்லாமல் செத்துப் போனால் கையும் போனதுதான் என்று, எப்போதோ படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு விளக்கினேன். அக்கா அழவில்லை. வலது கையை எடுத்து முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். அன்று முதல் சாப்பிடுவது, தலை வாருவது, வெங்காயம் உரிப்பது எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்யப் பழகிவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் போனேன். உடற்பயிற்சி வைத்தியம் செய்ய ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இராது. அவள் செய்த முதல் காரியம், அக்காவின் இடது கையைத் துணியால் சுற்றித் தூளி போலக் கழுத்தில் கட்டிவிட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, இருக்கிற ஒரு கையையும் கட்டிப் போட்டால் அவள் எப்படிச் சாப்பிடுவாள்?"

"அந்தக் கையால்தான் சார்."

"அதற்கு மூளையில் இடமே போய்விட்டதே!"

"பக்கத்து இடம் கற்றுக்கொள்ளும் சார். கற்றுக்கொடுக்க நாம்தான் விடுவதில்லை."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். நான் வீட்டுக்குத் திரும்பிப் புத்தகங்களைத் தேடினேன். நான் அக்காவிடம் சொன்னது முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிருக்கிறது.

கதை 1870இல், பெர்லின் நகரத்தில் தொடங்குகிறது. ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் என்று இரண்டு டாக்டர்கள். மூளையின் மேல்பரப்பை எப்படிச் சீண்டினாலும் உடம்பில் அசைவு உண்டாகாது என்பது அன்றைய பண்டிதர்களின் தீர்மானமான அபிப்பிராயம். இவர்கள் நாயின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் லேசான மின்சாரத்தைத் தொட்டு வைத்தார்கள். எதிர்ப் பக்கத்துக் கால் துள்ளிற்று. தொடுகிற இடத்தை மாற்றினால் துள்ளுகிற அங்கமும் மாறிற்று. மூளையில் கை கால்களை ஆட்டுவிக்கும் ஒரு பிரதேசம் உண்டென்று அன்று தெரிந்தது. இயக்கப் புறணி என்று அதற்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாலு வருஷம் கழித்து அமெரிக்காவில் பார்த்தலோ என்ற டாக்டர், தலையில் புண் வைத்து மண்டையோடு அரித்துப் போயிருந்த ஓர் ஏழைப் பெண்ணின் மூளைக்குள் ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சினார். கை ஆடிற்று, கால் ஆடிற்று. பிறகு வலிப்பும் வந்தது. சில நாளில் அவள் இறந்து போனாள். டாக்டரைப் பலரும் கண்டித்தார்கள்; அவரும் வருத்தம் தெரிவித்தார். விஞ்ஞானத்தின் வெற்றிக் கதைகளைச் சொல்லும்போது இப்படிப்பட்டவர்களையும் நினைத்துக்கொள்வதுதான் நியாயம்.

படத்தை முழுசாக வரைந்து முடித்தவர் கனடாவில் மான்ட்ரியல் நகரத்து டாக்டர் வைல்டர் பென்ஃபீல்டு. வலிப்பு நோய்க்காக ஆபரேஷன் செய்யும்போது நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தாமல், தலைத் தோலை மட்டும் மரக்க வைத்துவிடுவார். மூளைக்கு வலி தெரியாது. மின்சார முனையால் ஓரிடத்தைத் தொடுவார். கட்டை விரல் அசையும். அந்த இடத்தில் எண் எழுதிய சிறு காகிதத் துண்டை வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார். 1937இல் இந்தக் குறிப்புகளை எல்லாம் சேர்த்து, மூளையின் மேல் ஒரு விசித்திரக் குட்டி மனிதனைப் படுக்க வைத்துக் காட்டினார். அவனுக்கு உதடு பெரிது, கை பூதாகாரம், முதுகும் வயிறும் சொற்பம். நுட்பமான வேலை செய்யும் அங்கத்துக்குத்தான் மூளையில் அதிக நிலம். நான் அக்காவுக்கு உபதேசம் செய்தது இந்தப் படத்தை வைத்துத்தான்.

ஆனால் பென்ஃபீல்டின் குருநாதரான ஷெரிங்டன், 1912லேயே கிரஹாம் பிரௌன் என்பவரோடு சேர்ந்து ஓர் எச்சரிக்கை எழுதி வைத்திருந்தார். மூளையில் ஒரே இடத்தைத் தொட்டாலும், சற்று முன் எதைத் தொட்டோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. அந்தப் புள்ளி நிலையானதல்ல என்று. குரு சொன்னதை விட்டுவிட்டுச் சிஷ்யர் வரைந்த அழகான படத்தை உலகம் சுவரில் மாட்டிக்கொண்டது.

அந்தப் படம் நம் ஊருக்கு வந்த கதையும் சுவையானது. பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, மூளை, நரம்பு ஆபரேஷனுக்கென்று இந்தியாவிலேயே முதல் பிரிவைத் தொடங்கினார். அதே கல்லூரியில் அதே காலத்தில் இன்னொரு டாக்டர் இருந்தார்: பால் பிராண்டு. பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை, அதற்கும் மேற்கே கொல்லிமலை. அந்தக் கொல்லிமலையில் 1914இல் பிறந்த வெள்ளைக்காரர் அவர். 1946இல் வேலூருக்கு வந்தார். குஷ்ட நோயால் விரல்கள் மடங்கிப் போனவர்களுக்கு 1948 முதல் ஆபரேஷன் செய்யத் தொடங்கினார்.

அந்த ஆபரேஷனின் சூட்சுமத்தைக் கேளுங்கள். செத்துப் போன தசைக்கு உயிர் கொடுக்க முடியாது. ஆகவே வேறு வேலை செய்துகொண்டிருந்த நல்ல தசையின் நாணை அறுத்து, வழிமாற்றிக் கொண்டுபோய், விரலில் தைத்துவிடுவார். மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்த தசை இனிமேல் விரலை நேராக்க வேண்டும். தைப்பதோடு டாக்டரின் வேலை முடிந்தது; நோயாளியின் வேலை அதற்கப்புறம் ஆரம்பிக்கிறது. கட்டைப் பிரித்ததும், எந்த நினைப்பு நினைத்தால் எந்த விரல் நகரும் என்று புரியாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் பழக வேண்டும். பழகப் பழக ஒரு நாள் கை தானாகவே சோற்றைப் பிசையும். வேலூரில் அந்தக் கைகள் உளி பிடித்துத் தச்சு வேலை செய்தன; பொம்மை செய்தன.

தசைக்குப் பழைய உத்தியோகம் போய்ப் புது உத்தியோகம் வந்துவிட்டது. அதற்குத் தகுந்தபடி மூளையும் நடக்கக் கற்றுக்கொண்டது. அப்படியானால் மூளைக்குள் என்ன மாறிற்று? மண்டையைத் திறக்காமல் அதைப் பார்க்க அன்று வழி இல்லை.

வழி 1985இல் பிறந்தது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஆன்டனி பார்க்கர் என்பவரும் அவருடைய சகாக்களும், கம்பிச் சுருள் ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்து, அதில் கண நேரம் பெரிய மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். அதனால் பிறக்கும் காந்த சக்தி மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள் ஒரு சிறு மின்சாரத்தை எழுப்பும், விரல் துள்ளும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. சுருளை அங்குமிங்கும் நகர்த்தி, உயிரோடு உட்கார்ந்திருக்கும் மனிதனின் மூளைப் படத்தை இன்று ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை என்று வரையலாம்.

வரைந்து பார்த்தால், எல்லைகள் நகர்ந்துகொண்டிருந்தன! கை துண்டிக்கப்பட்டவர்களை 1991இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். துண்டான இடத்துக்கு மேலே மிஞ்சிய தசைக்கு மூளையில் நிலம் அதிகமாகியிருந்தது. மறு வருஷம், நல்ல மனிதர்களின் முன்கைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் கட்டி நிறுத்தினார்கள். சில நிமிஷங்களிலேயே மேல்கைத் தசையின் பதில் வலுத்தது. கட்டை அவிழ்த்ததும் பழைய நிலைக்குத் திரும்பிற்று. 2001இல் பிரித்து 2002இல் சேர்த்த அரியலூர் ஜில்லாவைப் போல! இத்தனை சீக்கிரத்தில் புது நரம்பு முளைத்துவிடாது. தூர்ந்து கிடந்த வாய்க்காலில் மடையைத் திறந்துவிட்டது போல, முன்பே இருந்த பாதைகள் விழித்துக்கொள்கின்றன. நாள்பட்ட பழக்கம்தான் அந்த வாய்க்காலை ஆழப்படுத்துகிறது.

1995இல் பாஸ்குவல் லியோனே என்பவர், பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பாடம் ஒன்றைத் தினம் இரண்டு மணி வீதம் ஐந்து நாள் கற்பித்தார். விரல்களின் நிலம் விரிந்துகொண்டே போயிற்று. வாசிப்பதாக மனசுக்குள் கற்பனை மட்டும் செய்துகொண்டிருந்தவர்களுக்கும் விரிந்தது! விரலால் தடவிப் படிக்கும் பார்வையற்றவர்களிடமோ, வேலை செய்த நாளில் படிக்கும் விரலின் நிலம் பெரிதாகவும், விடுமுறை நாளில் சிறிதாகவும் இருந்தது.

இனி அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் லீபர்ட் முதலானவர்கள், பக்கவாதம் வந்து நெடுநாள் ஆன 13 பேரின் நல்ல கையைக் கட்டிவைத்து, நலிந்த கைக்கு 12 நாள் கடும் பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் கைக்கு மூளையில் இருந்த நிலம் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. 2000இல் இது பிரசுரமாயிற்று. எல்லாருக்கும் இது பலிக்காது. விரல் சற்றேனும் அசைய வேண்டும். மூளைச் சேதம் மிகப் பெரிதாக இருந்தால் பயன் குறைவு. செத்த இடம் பிழைப்பதும் இல்லை. பக்கத்தில் பிழைத்திருக்கும் இடம் வேலையை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு வேலை கொடுத்தால்தான் ஏற்றுக்கொள்ளும்.

வேலை கொடுக்காதே என்று ஆறு மாதம் சொல்லிவைத்தவன் நான். முந்தானைக்குள் மூடிக் கிடந்த அந்த ஆறு மாதத்தில் அந்தக் கை எவ்வளவு நிலத்தை இழந்ததோ! அரைகுறைப் படிப்பாளியின் வாய்க்குப் பூட்டு வேண்டும் என்பதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி தேவையில்லை.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இடது கை பிடித்துக்கொண்டது. வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தடுமாறித் தடுமாறித் தோலைப் பற்றி இழுத்தன. நாலில் ஒன்று நழுவி உருண்டது. குனிந்து எடுத்து, மறுபடியும் அதே கையாலேயே ஆரம்பித்தாள்.

"என்ன தம்பி பார்க்கிறே? செத்துப்போச்சுன்னு சொன்னியே, அந்தக் கைதான்" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. முறத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"சும்மா உட்கார்ந்திருக்காதே. நீயும் ரெண்டு உரி."