‘அருளர்’ இசைத்தொகுதியும் வரலாற்றுச் சான்றும்

வரலாற்றுக்குச் சான்றாவன கல்வெட்டுக்களும் அரசாங்க அறிக்கைகளும் மாத்திரம் அல்ல. இடம்பெயர்ந்தோர் பாடும் பாட்டும் சான்றேயாம். ஆயின், அஃது எதற்குச் சான்று என்பதை ஆராய்ந்து தெளிதல் வேண்டும். 2005ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான ‘அருளர்’ என்னும் ஆங்கில இசைத்தொகுதியை இந்நோக்கில் ஈண்டு ஆராய்வாம்.

ஹிப் ஹொப் என்னும் இசைமரபு 1973ஆம் ஆண்டளவில் நியூ யோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில், வறிய கறுப்பின இளைஞரிடையே தோன்றியது. தாளத்துக்கியையச் சொற்களை அடுக்கி உரைத்தல் அதன் இயல்பு. 1982இல் வெளிவந்த ‘த மெசேஜ்’ என்னும் பாட்டு நகர்ப்புற ஏழைகளின் அவலத்தை எடுத்துரைத்தது. 1987இல் தம் முதற்றொகுதியை வெளியிட்ட பப்ளிக் எனெமி குழுவினர் அரசியலையே பாடுபொருளாக்கினர். பேசுதற்கு வேறு மேடை பெறாதோர்க்கு இம்மரபு மேடையாயிற்று.

அம்மேடையில் ஏறிய ஈழத்தமிழ்ப் பெண்ணே எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருட்பிரகாசம். 1975இல் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் கொணரப்பட்ட அவர், 1986இல் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் அகதியாய் இலண்டனுக்கு மீண்டார். அவர் பூண்ட பெயர், போரிற் காணாமற்போனோரைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகும்.

தொகுதியின் பெயரோ தந்தையாரின் இயக்கப் பெயர். ஈரோஸ் இயக்கத்தை நிறுவியோருள் ஒருவராகிய அருளர், 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின்பின் தெற்கிலிருந்து கப்பலேறி வடக்கே வந்த அகதிகளைப் பொருளாகக் கொண்டு, ‘லங்காராணி’ என்னும் நாவலை 1978இல் வெளியிட்டார். அன்று அகதிகட்குப் புகலிடமாயிருந்த வடக்கு, ஒன்பது ஆண்டுகளில் அகதிகள் புறப்படும் இடமாயிற்று. தந்தையின் நூலையும் மகளின் தொகுதியையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு இம்மாற்றம் தெற்றெனப் புலனாகும்.

தொகுதியின் அட்டையிற் போர்க்கருவிகளின் உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ‘சன்ஷவர்ஸ்’ என்னும் பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைச் சுட்டும் சொல்லிருந்தமையால், எம்.ரி.வி. தொலைக்காட்சி அதனை அவ்வாறே ஒளிபரப்ப உடன்படவில்லை. வன்முறையைப் போற்றுகின்றதென்று சிலர் கண்டித்தனர். ஒடுக்கப்பட்டோர் குரலென்று சிலர் பாராட்டினர். பிரித்தானியாவின் மேர்க்குரி பரிசுக்குரிய 2005ஆம் ஆண்டு இறுதிப்பட்டியலிலும் அஃது இடம்பெற்றது.

கண்டித்தோரும் பாராட்டியோரும் ஒருங்கே அதனைப் போரின் சாட்சியமாகக் கொண்டனர். அது பொருந்தாது. பதினொரு வயது நிரம்புமுன் இம்மண்ணைப் பிரிந்தவர், பின்னர் இங்கு நிகழ்ந்தவற்றை நேரிற் காணும் நிலையில் இருந்திலர். ஆகவே அத்தொகுதி போரின் வரலாறன்று. போரினால் ஊரையும் தந்தையின் அண்மையையும் இழந்த பிள்ளையின் நினைவு என்பதே எம் துணிபு. அவ்வளவில் அது மெய்ச்சான்று. அதற்கு மேற்பட்டதை அதன்பால் எதிர்பார்த்தல் அதற்கும் நீதியன்று, வரலாற்றுக்கும் நீதியன்று.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது உரும்பிராய் மக்களும் வீடுவாசல் துறந்து நடந்தனர். அவர்தம் நினைவுகள் இசைத்தட்டில் ஏறவில்லை. பெரும்பாலும் ஏட்டிலும் ஏறவில்லை. கடல்கடந்த ஒருவரின் குரலை உலகம் கேட்டது. ஊரில் நின்றோரின் சொல்லைக் கேட்டு எழுதிவைத்தல் நம் மாணவர் கடனாகும். அன்று நடந்தவருள் முதியோர் பலர் மறைந்தனர். எஞ்சியோர் இருக்கும்போதே அக்கடனை ஆற்றுவோமாக.