கரும்பொசுபரசும் திசைச்சார்பும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1914 ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் பேர்சி பிரிச்மன், வெண்பொசுபரசை உயர் அமுக்கத்தின்கீழ்ச் செம்பொசுபரசாக மாற்ற முயன்றார். வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 12,000 மடங்கு அமுக்கமும் 200 பாகை சதம வெப்பநிலையும் ஊட்டப்பட்ட கலத்தினுள், எதிர்பார்த்த செந்நிறப் பொருளுக்குப் பதிலாகக் காரீயத்தை நிகர்த்த கரிய திண்மமொன்று தோன்றியது. வெண்பொசுபரசு வளிபட்டால் தீப்பற்றும். இதுவோ எளிதிற் பற்றாது. இக்கரும்பொசுபரசு ஒரு நூற்றாண்டு மறக்கப்பட்டுக் கிடந்து 2014 இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது என்பர். அக்கூற்று முழுதும் பொருந்துவதன்று.

1953 இல் கீஸ் என்பார் இதன் மின்னியல்புகளை அளந்து, இது ஒரு குறைகடத்தி எனக் காட்டினார். ஆயின் அவர் கையாண்டது சிறு பளிங்குகள் பல ஒழுங்கின்றிச் செறிந்த திண்மமாகும். ஒவ்வொரு பளிங்கும் ஒவ்வொரு திசை நோக்கிக் கிடப்பதால், திசைக்குத் திசை உள்ள வேறுபாடு சராசரியில் மறைந்துவிடும். அதனை வெளிக்கொணரத் தனிப்பளிங்கு வேண்டும். 1980களின் தொடக்கத்தில் எண்டோ, அக்கஹாமா, நரிட்டா முதலிய யப்பானிய ஆய்வாளர், உயர் அமுக்கத்தில் உருகிய பொசுபரசிலிருந்து பெரிய தனிப்பளிங்குகளை வளர்த்தனர். மூன்று அச்சுக்களிலும் மின்னேற்றங்களின் அசைதிறன் வெவ்வேறென்பதை அவர்தம் 1983 ஆம் ஆண்டு அளவீடுகள் புலப்படுத்தின. பின்னாளிற் பெரிதும் பேசப்பட்ட திசைச்சார்பு இதுவே.

காரணம் அணுவமைப்பில் உள்ளது. படையொன்றில் ஒவ்வோர் அணுவும் மூன்று அயலணுக்களுடன் பிணைந்து, கூரைக்கிடும் நெளிதகடு போன்றதொரு தாளை ஆக்குகின்றது. நெளிவுகளுக்குக் குறுக்கே செல்லும் இலத்திரன் இலேசானதாகவும், அவற்றின் நெடுகே செல்வது பாரமானதாகவும் நடந்துகொள்ளும். வெப்பமோ, இதற்கு மாறாக, நெடுகேதான் நன்கு கடத்தப்படும்.

அவ்வாறாயின் 2014 இற் புதியது யாது? மெல்லிய படையும் அதனைத் தேடியதற்கான தேவையுமே எனலாம். 2004 இல் கெய்மும் நொவொசெலொவும் காரீயத்திலிருந்து ஒட்டுநாடாவால் உரித்தெடுத்த கிரபீனிற் சத்தி இடைவெளி இல்லை. எனவே அதனாலாய திரான்சிற்றரை முற்றாக அணைத்தல் அரிது. கரும்பொசுபரசில் அவ்விடைவெளி உண்டு. தடித்த நிலையில் 0.3 இலத்திரன் வோல்ற்றளவான அது, படை மெலிய மெலியப் பெருகும். சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தாரும் ஐக்கிய அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தாரும் 2014 இல் இதனைக்கொண்டு திரான்சிற்றர்கள் அமைத்தனர். மறு ஆண்டில், ஒளியின் முனைவாக்கத் திசையைப் பிரித்தறியும் உணரியும் செய்யப்பட்டது.

எனினும் பிரிச்மனின் கட்டிக்கிருந்த உறுதி மெல்லிய படைக்கு இல்லை. ஒட்சிசனும் ஈரமும் ஒளியும் கூடின் அது சிதைந்துபோகும். ஆதலின் ஆய்வாளர் அதனைப் போரன் நைத்திரைட்டுப் படைகளுக்கிடையே பொதிந்து கையாளுகின்றனர்.