இறக்கை முளைக்காத கார்கள்

1998இல் வெளிவந்த ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’ என்ற கணினி விளையாட்டை வாங்கியவர்களில் பலர் முதல் நாளில் ஒரு சுற்றைக்கூட ஒழுங்காக முடித்ததில்லை. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அவசரப்பட்டு மிதித்தாலும் போதும், கார் பம்பரமாகச் சுழன்று புல்வெளியில் போய் நிற்கும்.

சக்கரங்கள் மூடப்படாத ஒற்றை இருக்கைக் கார்கள் அதற்கு வெகுகாலம் முன்பே திரைக்கு வந்துவிட்டன. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1982இல் ‘போல் பொசிஷன்’ மூலம் ஃபூஜி பந்தயத் தடத்தை ஆர்கேட் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் பாப்பிரஸ் நிறுவனம் 1989இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை விளையாட்டாக்கியது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டேவிட் கெம்மர்தான், போட்டியாளர்கள் எல்லாம் சமகாலக் கார்களின் பின்னால் ஓடியபோது, ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’ விளையாட்டுக்காக 31 ஆண்டுகள் பின்னோக்கிப் போய் 1967ஆம் ஆண்டின் ஃபார்முலா 1 பருவத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இதைவிடப் பொருத்தமான ஆண்டு அமைந்திருக்காது. 3 லிட்டர் எஞ்சின் விதி வந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் லோட்டஸ் 49 கார் முதன்முதலாகக் களமிறங்கியது. அதன் காஸ்வொர்த் எஞ்சின், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் காரின் உடலோடு நேராகப் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. பின்சக்கரங்களின் பாரத்தைத் தாங்கியதே அந்த எஞ்சின்தான். ஜிம் கிளார்க் எட்டாவது இடத்திலிருந்து புறப்பட்டு அன்றே வென்றார். அந்தக் காரின் பலம் சுமார் 400 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 500 கிலோ. காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகளோ 1968இல்தான் வந்தன. அதே ஆண்டில்தான் லோட்டஸ் கார்கள் சிகரெட் கம்பெனியின் வண்ணத்துக்கும் மாறின. ஆகவே 1967 என்பது பச்சை பிரிட்டனுக்கு, சிவப்பு இத்தாலிக்கு என்று நாட்டுக்கொரு நிறத்தில் கார்கள் ஓடிய காலத்தின் கடைசி மூச்சு.

அந்தக் கார்களை ஓட்டும் வித்தையே வேறு. நான்கு டயர்களும் லேசாக வழுக்கும் நிலையிலேயே வளைவைக் கடக்க வேண்டும். திசையைத் திருத்துவதில் ஸ்டியரிங்குக்கு எவ்வளவு பங்கோ ஆக்சிலரேட்டருக்கும் அவ்வளவு பங்கு. பாப்பிரஸ் குழு ஒவ்வொரு டயரின் மேல் விழும் பாரத்தையும் வழுக்கலையும் தனித்தனியாகக் கணக்கிட்டது. அந்த நேர்மைதான் விளையாட்டைக் கடினமாக்கியது. 22.8 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்க்ரிங் தடத்தை மோதாமல் சுற்றிவரவே ஒருவர் வாரக்கணக்கில் பழக வேண்டியிருந்தது. அக்காலக் கணினிகளும் அதன் வேகத்துக்குத் திணறின. விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு எழவில்லை.

வரலாற்றைப் பத்திரப்படுத்த வந்த இந்த விளையாட்டுக்கு வரலாற்றின் சில பெயர்களைச் சொல்ல முடியாமல் போனதுதான் பெரிய வருத்தம். உரிமம் இல்லாததால் கூப்பர் கார் ‘கவென்ட்ரி’ என்றும் ஹோண்டா ‘முரசாமா’ என்றும் பெயர் மாறின. 1967 இத்தாலியப் பந்தயம் யாராலும் மறக்க முடியாதது. மான்ஸாவில் டயர் பஞ்சராகி ஒரு முழுச் சுற்று பின்தங்கிய கிளார்க், எல்லோரையும் மீண்டும் முந்தி முதலிடம் பிடித்தார். கடைசிச் சுற்றில் எரிபொருள் போதாமல் மூன்றாவதாக வந்தார். ஜாக் பிரபாமை 0.2 வினாடியில் முந்தி வென்றவர் ஜான் சர்டீஸ், அவர் ஓட்டியது ஹோண்டா. அந்த வெற்றிக் காரின் உண்மைப் பெயரே விளையாட்டில் இல்லை.

இன்னொன்றும் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. அதே 1967 மே மாதம் மொனாக்கோவில் லொரென்சோ பண்டினியின் ஃபெராரி வைக்கோல் கட்டுகளில் மோதித் தீப்பற்றியது. மூன்று நாள் கழித்து அவர் இறந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் கிளார்க்கும் ஹாக்கன்ஹைமில் மாண்டார். கணினியிலோ மரத்தில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி கிளம்பிவிடலாம்.

கடைகளில் தோற்றாலும் ரசிகர்கள் அதைக் கைவிடவில்லை. பழைய தடங்களைத் தாங்களே வரைந்து சேர்த்தார்கள். 1955, 1965, 1969 பருவங்களின் கார்களையும் உருவாக்கினார்கள். அதன் கணக்கீட்டு முறை பாப்பிரஸின் பிற்கால நாஸ்கார் விளையாட்டுகளுக்கு அடித்தளமானது. கெம்மர் 2004இல் தொழிலதிபர் ஜான் ஹென்றியுடன் சேர்ந்து ஐரேசிங் நிறுவனத்தைத் தொடங்கினார். தொழில்முறை ஓட்டுநர்களும் பயிற்சிக்கு நாடும் அந்தத் தளத்தில், இன்றைய ஃபார்முலா கார்களோடு லோட்டஸ் 49-உம் ஓடுகிறது.