நான்கு துளைகள்

வான்கெல் எஞ்சினின் கதையை எழுதுகிறவர்கள் ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஸ்பார்க் பிளக்குக்கு ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரி மேல்தான் கண்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். முதல் உலகப்போர் விமானங்களின் ரோட்டரி வேறு. அதில் சிலிண்டர்கள் மொத்தமும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். நான் சொல்வது முக்கோண ரோட்டர் வைத்தது, 1957-ல் ஜெர்மனியின் என்எஸ்யு ஆலையில் முதலில் ஓடியது. அடுத்த வருடமே அமெரிக்காவின் கர்டிஸ்-ரைட் உரிமம் வாங்கியது. லாக்ஹீடின் கியூ-ஸ்டார் என்ற சத்தமில்லா விமானத்தில் அவர்களுடைய எஞ்சின் பறக்கவும் செய்தது. ஆனால் கடைக்கு வரவில்லை. வீட்டு கராஜில் விமானம் கட்டுகிறவர்கள் கடைசியில் போய் நின்றது மாஸ்டா காரின் 13பி எஞ்சினிடம்.

இரண்டு ரோட்டர், ஆளுக்கு இரண்டு பிளக். முக்கியமானது லீடிங், மற்றது டிரெய்லிங். எரியறை நீளமாக, தட்டையாக இருப்பதால் ஒரு பொறி போதாது. 1991-ல் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி-யில் ரோட்டருக்கு மூன்று.

சிக்கல் சூட்டில் இருக்கிறது. சாதாரண எஞ்சினில் புதுக்கலவை அதே சிலிண்டருக்குள் வந்து பிளக்கை ஆற்றிவிடும். வான்கெலில் உறிஞ்சுவது ஒரு பக்கம், எரிவது இன்னொரு பக்கம். பிளக் இருக்கும் மூலைக்கு ஓய்வே கிடையாது. போதாதுன்னு எண்ணிக்கை வேற. 2700 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் விமான எஞ்சினில் ஒரு பிளக் நிமிடத்துக்கு 1350 தடவை பொறி விடும். கியர் வைத்து 6000 சுற்றில் ஓட்டும் 13பி-யில் 6000 தடவை.

என்ஜிகே பிளக்கில் எண் கூடக்கூட 'குளிர்' ரகம். ஆர்எக்ஸ்-7 காரில் லீடிங்குக்கு 7, டிரெய்லிங்குக்கு 9. ஆனால் அது சிக்னலில் நிற்கிற காருக்குப் போட்ட கணக்கு. கார் முழு பலத்தைச் சில நொடிகள்தான் கேட்கும். விமானம் முழு பலத்தில் ஏறி, பிறகு முக்கால் பலத்தில் மணிக்கணக்காகப் போகும். வேறொரு சர்வரின் கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பியடிப்பது மாதிரிதான் இதுவும். பிளக்கின் பீங்கான் மூக்கு தணலானால் பொறி வரும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும். சீல் உடையும். கீழே வயல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

அப்படின்னா நான்கிலும் 9 போட்டுடலாமா? டர்போ வைத்து ஓட்டும் கார்க்காரர்கள் போடுகிறார்கள். விமானத்திலும் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் பிளக் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரத்தில் குளிர்ப் பிளக் அந்தச் சூட்டைத் தொடாது; கரி பிடிக்கும். விமானப் பெட்ரோலான 100எல்எல்-இல் ஈயமும் இருக்கிறது, அதுவும் படியும். டிரெய்லிங் துளை வேறு குறுகியது. சீல் அதைக் கடக்கும்போது அழுத்தம் பக்கத்து அறைக்குக் கசியக் கூடாது என்று வேண்டுமென்றே சிறிதாக வைத்தார்கள்.

இரண்டு பிளக் இருப்பதால் ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்பது விமானிகளின் பழைய நம்பிக்கை. அவர்களுடைய எஞ்சின்களில் இரண்டும் ஏறக்குறைய சமம். 13பி-யில் அப்படியில்லை. ஏறுவதற்கு முன் ஓடுபாதை முனையில் நின்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். டிரெய்லிங்கை அணைத்தால் எஞ்சின் லேசாகத்தான் தளரும். லீடிங்கை அணைத்தால் வித்தியாசம் காதிலேயே தெரிஞ்சுடும்.